பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பேசும் சிப்

தொலைபேசி இணைப்பகத்தில் இருக்கும் ரேக்கைத் திறந்தால், அலமாரியில் புத்தகங்களை நிறுத்தி வைத்ததுபோல் சர்க்யூட் கார்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். பதினாறு கார்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சால்டர் இணைப்புகள். அவற்றில் ஒன்று சரியாகப் பற்றவில்லை. எந்தக் கார்டு, எந்தச் சிப், எந்தக் கால்?

எதையும் பிடுங்காமல், ரேக்கில் ஒரே ஒரு கேபிளைச் செருகியே இதைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கேபிளில் இருப்பவை நாலைந்து சிக்னல் கம்பிகள்தான். அத்தனை கார்டுகளுக்கும் அவை போதுமானவையாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு கார்டின் வாசலிலும் காவலிருக்கும் ‘பவுண்டரி ஸ்கேன் பிரிட்ஜ்’ என்ற சின்னஞ்சிறு சிப்.

ஆணிகள் எட்டாத இடம்

முன்பெல்லாம் கார்டைச் சோதிக்க ஓர் ஆணிப் படுக்கை போதும். நூற்றுக்கணக்கான ஸ்பிரிங் ஊசிகள் மேல்நோக்கி நிற்கும் தட்டின்மீது கார்டை அழுத்தினால், ஒவ்வொரு ஊசியும் ஓர் இணைப்பைத் தொட்டு அளக்கும். சிப்புகளின் கால்கள் நெருங்கி, கார்டின் இரண்டு பக்கமும் பாகங்கள் ஏறிய பிறகு ஊசிக்கு இடமில்லாமல் போனது. இணைப்புகளே சிப்பின் வயிற்றுக்கு அடியில் சால்டர் உருண்டைகளாக ஒளிந்துகொண்டபோது, தொடுவது என்ற பேச்சே முடிந்தது.

இந்த நிலை வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்த ஐரோப்பிய நிறுவனங்கள் சில 1985-ல் ஒன்றுகூடின. பின்னர் வட அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்துகொள்ள, ‘ஜாயின்ட் டெஸ்ட் ஆக்‌ஷன் குரூப்’ உருவானது. மின்னணுத் துறையினர் நாள்தோறும் உச்சரிக்கும் ‘ஜேடேக்’ என்ற சொல் அதன் சுருக்கமே. அந்தக் குழு வகுத்த முறை 1990-ல் ஐஇஇஇ 1149.1 என்ற தரநிலையானது.

ஊசி வெளியிலிருந்து தொட முடியாவிட்டால், சிப்புக்குள்ளேயே ஊசியை வைத்துவிடலாம் என்பதுதான் யோசனை. சிப்பின் ஒவ்வொரு சிக்னல் காலுக்கும் உட்பக்கம் ஒரு சிறு நினைவறை வைக்கப்படுகிறது. சாதாரண வேலை நேரத்தில் அது இருப்பதே தெரியாது. சோதனைக் கட்டளை வந்ததும் சிப்பின் உள்மூளையிலிருந்து கால்களைப் பிரித்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். இந்த அறைகள் கைகோத்து நிற்பதால், ஒரு முனையில் செலுத்தும் 0, 1 ஒவ்வொரு அறையாக நகர்ந்து மறுமுனையில் வெளியே வரும். உள்ளே போக டிடிஐ, வெளியே வர டிடிஓ, தாளம் போட டிசிகே, என்ன செய்ய வேண்டும் என்று வழிநடத்த டிஎம்எஸ் என்று நான்கு கம்பிகள். வேண்டுமானால் ரீசெட்டுக்கு ஐந்தாவது.

இதன் சிக்கனம் வியப்பானது. இரண்டு சிப்புகளுக்கு இடையே 1,000 கம்பிகள் ஓடினால் ஆயிரம் முறை சோதிக்க வேண்டியதில்லை. கம்பிகளுக்கு 1 முதல் 1,000 வரை எண் கொடுத்து, அந்த எண்ணையே இரும எண்ணாக அதில் அனுப்பினால் போதும், பத்தே சுற்று. அடுத்த முனையில் 37-ம் கம்பியில் 37 வந்தால் சரி. 37-லும் 38-லும் ஒரே எண் வந்தால், இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

சீரியல் செட் வியாதி

ஒரு கார்டில் பத்துச் சிப் இருந்தால், ஒன்றின் டிடிஓவை அடுத்ததன் டிடிஐயில் கொடுத்துச் சங்கிலியாக்கிவிடலாம். ஆனால் அதே வழியில் ரேக்கின் எல்லாக் கார்டுகளையும் இணைத்தால், கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட்டின் வியாதி வந்துவிடும். ஒரு பல்பு போனால் அந்தச் சரமே அணைவதுபோல், ஏழாவது கார்டை எடுத்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். காலி இடத்தில் டம்மி கார்டு செருகலாம். ஆனால் பழுது பார்க்கப் போகிறவர் டம்மி கார்டுகளைச் சுமந்து திரிய வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி டிஎம்எஸ் கம்பி இழுக்கலாம். பதினாறு கார்டுக்குப் பதினாறு கம்பி. கார்டுகளைச் செருகும் முதுகுப் பலகையான பேக்பிளேனில் இடம் அவ்வளவு மலிவானதல்ல.

“உள்ளேன் ஐயா!”

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும் முறைதான் இதற்குத் தீர்வாக வந்தது. ஆசிரியர் கூப்பிடும் பெயர் வகுப்பு முழுக்கக் கேட்கும். ஒருவர் மட்டும் “உள்ளேன் ஐயா” என்பார். மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். மல்ட்டி டிராப் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்: ஒரே கம்பித் தொகுப்பு, அதில் பல கிளைகள்.

நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய எஸ்சிஏஎன்பிஎஸ்சி110எஃப் என்ற பிரிட்ஜ் சிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் முகவரிக்கென்றே ஆறு கால்கள் உண்டு. ஐந்தாவது ஸ்லாட் என்றால் அவற்றில் 000101 என்று அமைத்துவிடுவார்கள். அந்த அமைப்பைப் பேக்பிளேன் கனெக்டரிலேயே செய்துவிடுவது கெட்டிக்காரத்தனம். கதவிலக்கம் வீட்டுக்குத்தானே தவிர, குடியிருப்பவருக்கு அல்ல. பழுதான கார்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால், அந்த ஸ்லாட்டின் முகவரி தானாக அதற்கு வந்துவிடும்.

ரீசெட் ஆனதும் எல்லாப் பிரிட்ஜ்களும் முகவரிக்காகக் காத்திருக்கும். சோதனைக் கருவி 000101 என்று அனுப்பும். அதை எல்லாச் சிப்புகளும் வாங்கித் தம் எண்ணோடு ஒப்பிடும். பொருந்திய ஒன்று விழித்துக்கொள்ளும். மற்றவை தம் டிடிஓவைக் கம்பியிலிருந்து மின்னளவில் விலக்கிக்கொண்டு மௌனமாகிவிடும். இந்த மௌனம்தான் முக்கியம். பொதுக் கம்பியில் ஒரு சிப் 1 என்றும் இன்னொன்று 0 என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் எதையும் நம்ப முடியாது. வேலை முடிந்ததும் ‘எல்லாரும் காத்திருங்கள்’ என்றொரு கட்டளை போகும். அடுத்த பெயர் அழைக்கப்படும்.

ஆறு காலில் 64 முகவரிகள் சாத்தியம். இதில் 59 தனி முகவரிகள். ஒன்று எல்லாரையும் ஒருசேர அழைக்க. நான்கு, குழுக்களாகப் பிரித்து அழைக்க. பின்னால் வந்த எஸ்சிஏஎன்எஸ்டிஏ111-ல் தனி முகவரிகள் 121 ஆயின; எஸ்சிஏஎன்எஸ்டிஏ112-ல் 249. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் 8996 வரிசைச் சிப்பில் பத்து பிட் முகவரி வைத்து, 1,021 கார்டுகள்வரை கூப்பிட வழி செய்தது. சோதனை ஓய்ந்திருக்கும் தருணங்களில் அதே கம்பியில் முகவரியைச் சொல்லி அனுப்புவது அதன் பாணி.

கதவுக்கு உள்ளே

பிரிட்ஜின் வேலை கதவைத் திறப்பதோடு முடிவதில்லை. 110எஃப் சிப்புக்கு உள்பக்கம் மூன்று வாசல்கள் உண்டு, 112-க்கு ஏழு. கார்டில் உள்ள சிப்புகளை ஒரே நீளச் சங்கிலியாக்காமல் மூன்று சிறு சங்கிலிகளாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் இணைக்கலாம். ஒன்று அறுந்திருந்தாலும் மற்ற இரண்டையும் சோதிக்க முடியும்.

ஒரு வாசலை அப்படியே ‘நிறுத்தி’ வைக்கவும் முடியும். இதன் அருமை, இரண்டு கார்டுகளுக்கு நடுவே ஓடும் கம்பிகளைச் சோதிக்கும்போது தெரியும். மூன்றாம் கார்டு சிக்னலை அனுப்ப வேண்டும், ஒன்பதாம் கார்டு வாங்க வேண்டும். கருவியோ ஒரு நேரத்தில் ஒன்றிடம்தான் பேசும். ஆகவே மூன்றாம் கார்டில் எண்களை நிரப்பி நிறுத்திவிட்டு, ஒன்பதாம் கார்டையும் ஆயத்தப்படுத்தி நிறுத்துவார்கள். பிறகு குழு முகவரியில் இரண்டையும் சேர்த்து எழுப்பினால், ஒரே தாளத்தில் ஒன்று அனுப்பும், மற்றது பிடித்துக்கொள்ளும். குழுவாக அழைக்கும்போது இரண்டும் பதில் சொன்னால் மோதல் வருமே? அதனால் அந்த நேரத்தில் இரண்டும் காது மட்டும் கொடுக்கும். பதிலைப் பின்னர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரிதானா?

குறைகளும் உண்டு. கார்டுக்கு ஒரு சிப் கூடுதல் செலவு. கம்பிகள் பொது என்பதால், ஏதாவது ஒரு கார்டில் டிஎம்எஸ் தரையோடு ஒட்டிக்கொண்டால் வகுப்பு மொத்தமும் செவிடாகும். கிளைகள் கூடக்கூடத் தாளத்தின் வேகத்தையும் குறைக்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் சங்கிலி தராத ஒன்றை இந்த முறை தருகிறது. சங்கிலியில் பதில் வராவிட்டால், எங்கோ கோளாறு என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் தெரியாது. இங்கே 110எஃப் சிப்பை அழைத்து, அதன் கட்டளைப் பதிவேட்டைப் படித்தால், அது தன் முகவரியைச் சொல்லிக் கடைசியில் 01 சேர்த்துத் தரும். ஏழாவது ஸ்லாட்டை அழைத்து வெறும் 1-களாகவே வந்தால், அங்கே கார்டு இல்லை, அல்லது அதற்கு உயிர் இல்லை. எட்டாவதைக் கூப்பிட அது தடையே அல்ல. வருகைப் பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு நேராக ஒரு ‘ஆ’ விழும். ரேக்கைத் திறக்க வருபவர் எந்தக் கார்டில் முதலில் கை வைக்க வேண்டும் என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லிவிடும்.