நான்கு மணிப் பசி

"முன்னெல்லாம் கிண்ணம் காலியாகும், இப்போது இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்கிறான்." வேலைக்குப் போகும் அம்மாக்கள் பலரும் இப்படி வருந்துவது குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகும்போது. தான் வேலைக்குப் போவதால்தான் இப்படியோ என்ற குற்ற உணர்வும் கூடவே வந்துவிடும். அது தேவையே இல்லை. மூன்று கிலோ எடையில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. அடுத்த ஓராண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமானால் பசியும் நிதானமாகும். அம்மா நாள் முழுக்க வீட்டில் இருந்தாலும் இது நடக்கும்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதுக் காய், புது நிறம், புது வாசனை எதைக் கண்டாலும் முகத்தைத் திருப்புவதும் இயல்பு. ஒரு காயைப் பத்து, பதினைந்து முறை தட்டில் பார்த்துப் பழகிய பிறகே பல குழந்தைகள் அதை வாயில் வைக்கும். நாமோ இரண்டு தடவை தள்ளியதுமே "இவளுக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு துண்டு மட்டும் வையுங்கள். தின்னச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அடுத்த வாரம் மறுபடியும் வையுங்கள்.

சிக்கல் நம் அவசரத்தில்தான் ஆரம்பிக்கிறது. எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். போனைக் கையில் கொடுத்தால் வாய் தானாகத் திறக்கிறது. ஆனால் திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தை வயிறு நிறைந்ததைக் கவனிப்பதில்லை. சோறு இறங்கவில்லையே என்று இன்னொரு டம்ளர் பால் கொடுக்கிறோம். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதனால் இந்தப் பழக்கத்தைச் சின்ன விஷயமாக விட முடியாது.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் டிபன் பாக்ஸ் பாதி மீதியோடு திரும்பி வரும். திட்டுவதற்கு முன் பிள்ளையை உட்காரவைத்து அந்த மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். இறுகிப்போன எவர்சில்வர் மூடியைத் திறக்க முடியாமல், டீச்சரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படியே மூடிவைத்துவிடும். காலை ஏழரைக்குச் சூடாக அடைத்த சாதம் மதியத்துக்குள் கட்டியாகியும் இருக்கும். கொஞ்சம் தளர்வாகப் பிசைந்த சாதம், சுலபமாகத் திறக்கும் டப்பா, அளவு குறைவு. இந்த மூன்றைச் செய்தாலே பல வீடுகளில் பாக்ஸ் காலியாக வரும்.

விடிந்ததும் கூலி வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் காலைச் சாப்பாடே தவறிப்போகும். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இது இருந்தால் தயங்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். அது அவர்களின் உரிமை.

வேலைக்குப் போகும் வீடுகளில் நான் மிக முக்கியம் என்று நினைப்பது மாலை நான்கு மணி. பிள்ளை நல்ல பசியோடு வீட்டுக்கு வருகிறது. அப்பா, அம்மா வர ஏழு ஆகும். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பிஸ்கட், மிக்சர், சிப்ஸ். பாட்டியும் பாவம், பிள்ளை வாடிப்போய் வருகிறதே என்று அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். எட்டரை மணிக்கு அம்மா தோசை வார்க்கும்போது பிள்ளைக்குப் பசி இருக்காது. அரைத் தோசையோடு படுத்துத் தாமதமாகத் தூங்கும்; காலையில் அவசரமாக எழுந்து வெறும் வயிற்றோடு ஓடும். இரவுச் சாப்பாட்டில் சண்டை போட்டுப் பயனில்லை. நான்கு மணிக்கே உண்மையான சாப்பாடு கிடைக்கட்டும். காலையில் வார்த்த இட்லியில் இரண்டு, வேகவைத்த கடலை, சுண்டல், வாழைப்பழம், அவித்த முட்டை, இப்படி எதையாவது மூடிவைத்துவிட்டுப் போகலாம். பிஸ்கட் டப்பா வீட்டில் இல்லாமலே இருப்பது இன்னும் நல்லது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பசி மறுபடியும் பெருகும். கையில் காசும் இருக்கும், பள்ளி வாசலில் கடையும் இருக்கும். தடுத்துப் பயனில்லை, வீட்டில் சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கிறதா என்று பாருங்கள். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு முருங்கைக்கீரை, பயறு, முட்டை, மீன் கூடுதலாக வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.

என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். எடை குறைந்தாலோ, மாதக்கணக்கில் கூடாமல் நின்றாலோ, பிள்ளை சோர்ந்து வெளிறித் தெரிந்தாலோ, தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.