கைத்தொலைபேசி காட்டும் இடத்தில் எல்லைக்கல் நாட்டலாமா?

2006இல் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கின. ஒன்பது, பத்து வருடம் ஆள் புழங்காத வயலில் வேலியும் வரம்பும் என்னவாகும் என்று கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லை தொலைந்த இடத்தில் இன்று பலரும் கைத்தொலைபேசியையே எடுக்கிறார்கள். அது காட்டும் நீலப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

செய்மதிகள் அனுப்பும் அலை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்த அலை செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். எனவே செய்மதியின் கடிகாரம் செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். இது நடவாத கதையல்ல. 2004 ஜனவரி 1ஆம் திகதி அமெரிக்க ஜி.பி.எஸ். செய்மதி ஒன்றின் அணுக்கடிகாரம் பழுதாகியது. அதை நம்பவேண்டாம் என்ற அறிவித்தல் வர ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் சென்றது.

இடத்தைக் கணிக்க நான்கு செய்மதிகள் போதும். ஆனால் நான்கு சாட்சிகளில் ஒன்று பொய் சொன்னால் கண்டுபிடிக்க வழியில்லை. ஐந்தாவது சாட்சி வந்தால் எதுவோ பிழை என்று தெரியும்; ஆறாவதும் வந்தால் பிழையானது எது என்றும் தெரியும். விமானக் கருவிகள் இப்படித்தான் தம்மைத்தாமே சோதிக்கின்றன. இந்தியாவின் ககன் அமைப்போ, இடம் திட்டமாகத் தெரிந்த 15 தரை நிலையங்களில் செய்மதிகளைக் கண்காணித்து, பிழை கண்டால் சில செக்கன்களில் விமானங்களுக்கு அறிவிக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலும் ராடாரையும் கரை அடையாளங்களையும் ஒத்துப்பார்த்தே வரும்.

நாமும் ஒத்துப்பார்க்கலாம். அசையாத அளவைக்கல் ஒன்றின்மேல் நின்று தொலைபேசி காட்டும் எண்களைக் குறியுங்கள். மறுநாள் வேறு நேரத்தில் அதே கல்லில் நின்று மீண்டும் குறியுங்கள். மரநிழலிலும் சுவரோரத்திலும் வித்தியாசம் கூடும். 100 மீற்றர் நீள எல்லை 5 மீற்றர் தள்ளிப்போனால் கைமாறுவது ஏறக்குறைய 20 பேர்ச் நிலம். அயலவரோடு பகை வர அது போதாதா?

நில அளவையாளரும் செய்மதியைத்தான் பாவிக்கிறார். ஆனால் ஒரு கருவியைத் தெரிந்த புள்ளியில் நிறுத்தி, மற்றதை வயலுக்குள் கொண்டுசெல்கிறார். அதனால் பிழை சில சென்ரிமீற்றராகக் குறைகிறது. பற்றைக்குள் காணியைத் தேடிப் போக தொலைபேசி போதும். கல் நாட்டுமுன், உறுதியிலோ அனுமதிப்பத்திரத்திலோ உள்ள வரைபட இலக்கத்தைப் பாருங்கள். அரசாங்கம் அளந்த காணியாயின் பழைய படத்தின் பிரதியை நில அளவைத் திணைக்களத்தில் கேட்கலாம்.