மண்ணுக்குள் மறையும் காணிக்கை

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

நம் ஆஸ்பத்திரித் தோட்டத்தில், வார்டிலிருந்து சிற்றாலயத்திற்குச் செல்லும் கல் பாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறோம். "பழைய கற்களே நன்றாய் இருக்கின்றனவே, இவ்வளவு செலவு ஏன்?" என்று சிலர் அன்போடு கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

கற்களில் குறையில்லை, நாங்கள் பதித்த விதத்தில்தான் குறை. நம் வளாகம் கரிசல் பூமி. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். சிக்கனம் கருதி முன்பு மண்ணின் மேலேயே கற்களைப் பரப்பினோம். 2 மழைக்காலத்திற்குள் ஒன்று எழும்பிற்று, ஒன்று தாழ்ந்தது. தொழுநோயாலும் சர்க்கரை நோயாலும் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களுக்கு அரை அங்குல விளிம்பும் ஆபத்து. ஆலயத்திற்குத்தானே என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரு தாயார் அதில் இடறினார். தரையில் இரத்தத்தைக் கண்ட பிறகே விரல் கிழிந்ததை அறிந்தார். புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. வெட்கத்தோடே இதை எழுதுகிறோம்.

இம்முறை 1½ அடி ஆழத்திற்குக் கரிசலை அகற்றிக் கிராவல் நிரப்புகிறோம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பாகம் இறுகாது. ஆகவே 4 அங்குலத்திற்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு போடுகிறோம். கிராவல் பக்கவாட்டில் சரியாதபடி இரு ஓரங்களிலும் கல் நடுகிறோம். அதன்மேல் 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் கலந்த சாந்து. அதில் 2 அங்குலக் கருங்கல் பலகை, சொரசொரப்பான முகம் மேலே இருக்க. மழுமழுப்பான கல் மழையில் வழுக்கும். ஒவ்வொரு கல்லையும் கட்டையால் தட்டிப் பார்க்கிறோம். பொள்ளென்று ஒலித்தால் அடியில் இடைவெளி உண்டு, எடுத்து மறுபடி பதிக்க வேண்டும். சக்கர நாற்காலியின் சிறு சக்கரம் சிக்காதபடி இடுக்குகளைக் கல் மட்டத்திற்கு நிரப்புகிறோம். தண்ணீர் தேங்காதிருக்க 4 அடி அகலத்திற்கு 1 அங்குலச் சரிவு. பிறகு 7 நாள் நீராற்ற வேண்டும்.

ஆக, உங்கள் காணிக்கையில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகிறது, படத்தில் தெரியாது. வீடு கட்டின இருவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையிலும், வெள்ளம் வரும்வரை இரு வீடுகளும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும்.

பாதி தூரம் முடிந்தது. ஐப்பசி மழைக்கு முன் மீதியும் முடிய ஜெபியுங்கள், தாங்குங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி ஆயர்