வீடும் கிழமையும்

"பண்டிதர் வீடு எது?" என்று வினாவுவோரை ஊரார் இன்றும் எங்கள் படலைக்கே அனுப்புவர். ஆயினும் அவ்வீடு இப்போது மகளுடையது. அவள் திருமணத்தின்போது சீதன உறுதியில் எழுதப்பட்டுவிட்டது. நானும் மனைவியும் மகள் குடும்பத்தோடு அங்கேயே வாழ்கின்றோம்.

யாழ்ப்பாணத்தில் இது புதுமையன்று. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பெற்ற தேசவழமை, பெண்மக்களின் சீதனத்தை விரித்துரைக்கின்றது. முதுமையுற்ற பெற்றோரின் பொருளைப் பகிர்ந்துகொண்டபின் அவரைப் பேணாது விட்ட ஆண்மக்களையும் அது சுட்டுகின்றது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என்று விதிக்கின்றது. முந்நூறு ஆண்டு சென்றும் இக்கவலை தீர்ந்தபாடில்லை.

உறுதி முடித்த அன்று நொத்தாரிசு, "சீவிய உருத்து வைத்து எழுதவோ, ஐயா?" என்று கேட்டார். பெற்றோர் உயிரோடிருக்குங்காறும் வீட்டை அனுபவிக்கும் உரிமையை உறுதியிலே ஒதுக்கி வைத்தலே அது. எனக்குச் சினம் மூண்டது. "பெற்ற பிள்ளையிடத்துமா?" என்றேன். மனைவி வாய்திறவாது கையொப்பமிட்டாள். வீடு திரும்பும் வழியில், "நீங்கள் பிள்ளையை நம்பினது சரி. என்னையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

அப்பொழுதே எனக்கு உறைத்தது. அவ்வீடு என் தேட்டமன்று. அவளுடைய தாய் அவளுக்களித்த சீதனம்.

மாணவர்க்கு ஆறாம் வேற்றுமை படிப்பிக்குங்கால், "என் கை" என்பது தற்கிழமை, "என் வீடு" என்பது பிறிதின்கிழமை என்பேன். கை என்னிற் பிரியாதது. வீடு பிரிந்து பிறர்பாற் செல்வது. வகுப்பறையில் இவ்வேறுபாட்டை ஐயந்திரிபறக் கூறிய நான், வீட்டில் மட்டும் வீட்டைக் கையாகவே கருதி வந்திருக்கின்றேன்.

மணஞ்செய்து அங்கு குடிபுகுந்த காலத்தில் மாமனாரும் மாமியாரும் பின்னறையில் இருந்தனர். முற்றத்திலே மாமனார் நட்டு வளர்த்த கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. கிணற்றிற் சருகு கொட்டுகின்றதென்று ஒருநாள் ஆள் பிடித்துத் தறிப்பித்தேன். அவரைக் கேட்கவேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. அவரும் ஒன்றுஞ் சொல்லாமல், விழுந்து கிடந்த இலைகளைக் கூட்டி அள்ளினார். வயிறார உணவிட்டோம், நோயில் மருந்து கொடுத்தோம். சட்டம் வேண்டுவது அவ்வளவே. ஆயினும், தாம் வாழ்ந்த வீட்டிலே ஒரு சொல்லுக் கேட்கப்படாதவராகவே அவர் இறந்தார்.

சென்ற கிழமை மகள் என் சாய்மனைக் கதிரையருகே வந்து நின்றாள். "அப்பா, திண்ணையை இடித்துப் பிள்ளைகளுக்கு ஓர் அறை எடுக்கலாமென்று இவர் சொல்லுகிறார். நீங்கள் படிப்பிக்கிற இடமல்லவா? உங்களைக் கேளாமல் தொடமாட்டோம்" என்றாள். உறுதி அவள் கையில் இருக்கின்றது. கேட்கவேண்டிய கடப்பாடு அவளுக்கில்லை. கேட்டாள். சீவிய உருத்தாக எழுதி வாங்கவியலாத ஒன்று எனக்குக் கிடைத்தது. மாமனாருக்கு நான் கொடாதது அது.

திண்ணை போனால் மாணவரை விறாந்தையில் இருத்தலாம். ஆனால் உடனே விடை கூறினேனல்லேன்.

"முதலில் அம்மாவைக் கேள், பிள்ளை" என்றேன்.