உண்ணியால் பரவும் செந்நீர்க் காய்ச்சல்

உழவு இயந்திரம் வயலில் எருதின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட போதிலும், தோட்டத்திற்கு எருவும் வீட்டிற்குப் பாலும் இன்றும் மாட்டினிடமிருந்தே கிடைக்கின்றன. ஆகவே நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் இரண்டொரு கறவைப் பசுக்களையும் வளர்த்து வருகின்றனர். கூடுதலாகப் பால் பெறும் நோக்கத்துடன் அதிக விலை கொடுத்து வாங்கப்படும் நல்லினப் பசு, வந்து சில வாரங்களுள் கடுங்காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து இறந்துபோதல் உண்டு. இதனைக் கண்ணூறு என்றும் தீவன மாற்றத்தின் விளைவு என்றும் சிலர் எண்ணிவிடுவர். பல சந்தர்ப்பங்களில் உண்மையான காரணம் அம்மாட்டின் தோலில் ஒட்டியிருக்கும் உண்ணியே ஆகும்.

நோய்க்குக் காரணம்

இந்நோயை உண்டாக்குவது பபேசியா எனப்படும் நுண்ணுயிராகும். இது வெறுங் கண்ணுக்குப் புலப்படாது. மாட்டின் செங்குருதிக் கலங்களினுள்ளே புகுந்து, அங்கே பெருகி, அக்கலங்களை உடைத்து வெளியேறும். உடைந்த கலங்களிலுள்ள செந்நிறப் பொருள் சிறுநீருடன் கலந்து வெளிவருவதனாலேயே சிறுநீர் சிவப்பாகவோ கோப்பிக் கசாயம் போன்றோ தோன்றுகின்றது.

உருமேனிய நாட்டு அறிஞர் விக்டர் பபேசு 1888ஆம் ஆண்டில் நோயுற்ற மாடுகளின் குருதியில் இந்நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இதனை மாட்டுக்கு மாடு கொண்டுசெல்வது உண்ணியே என்பதை அமெரிக்காவில் தியோபால்டு சிமித்து, கில்போர்ண் என்னும் இருவர் நிறுவி 1893ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பூச்சி, உண்ணி போன்ற சிற்றுயிர் குருதியைக் குடித்து நோயைப் பரப்பும் என்பதற்கு ஐயத்திற்கிடமின்றிக் காட்டப்பட்ட முதற் சான்றுகளுள் இது ஒன்றாகும்.

உண்ணியின் வாழ்க்கை

உண்ணியை ஒழிக்க விரும்புவோர் அதன் வாழ்க்கையை அறிந்திருத்தல் வேண்டும். மாடுகளில் மிகுதியாகக் காணப்படும் நீலச் சாம்பல் நிற உண்ணி, குஞ்சுப் பருவம் முதல் முதிர்ந்த பருவம் வரை ஒரே மாட்டிலேயே தங்கியிருக்கும். இதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் செல்லும். பின்னர் பெண் உண்ணி குருதியை வயிறார உறிஞ்சி, ஆமணக்கு வித்துப்போற் பருத்து, நிலத்தில் விழும். சாணக் குவியலின் ஓரத்திலோ புல்லின் அடியிலோ ஒதுங்கி, இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மடியும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுண்ணிகள் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். மாடு உரசிச் செல்லும்போது அதன்மேல் தொற்றிக்கொள்ளும். மாடு கிடையாவிடின் உணவின்றிப் பல வாரங்கள், ஈரமும் நிழலும் உள்ள இடத்திற் சில மாதங்களும் உயிர்வாழ வல்லவை. நோயுற்ற மாட்டின் குருதியைக் குடித்த தாய் உண்ணி நோய்க்கிருமியைத் தன் முட்டைகளுக்கும் கொடுத்துவிடுகின்றது. ஆகையால் ஒரு தாய் உண்ணி விழுந்த இடத்திலிருந்து நோய் பரப்பவல்ல குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் எழலாம்.

எம்மாடுகள் கூடுதலாகப் பாதிக்கப்படும்?

நாட்டு மாடுகளும் சிந்தி, சாகிவால் போன்ற இந்திய இனங்களும் உண்ணியை ஓரளவு எதிர்த்து நிற்கும். யேர்சி, பிரீசியன், அயர்சயர் ஆகிய ஐரோப்பிய இனங்களுக்கு இவ்வாற்றல் குறைவு. உண்ணி குறைந்த குளிர்ந்த மலைநாட்டில் வளர்ந்த பசுவைத் தாழ்நாட்டு உலர் வலயத்திற்குக் கொண்டுவருவோர் சிறப்பாக எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒன்பது மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளில் இந்நோய் பெரும்பாலும் இலேசாகவே வந்து நீங்கும். அதன் பயனாகக் கன்று எதிர்ப்புச் சக்தி பெறுகின்றது. வளர்ந்த பின்னர் முதன்முறையாக நோயைச் சந்திக்கும் மாட்டிலேயே அது கடுமையாகும். ஆகவே உண்ணியே காணாது வளர்க்கப்பட்ட கிடாரியைத் திடீரென மேய்ச்சலுக்கு விடுதல் ஆபத்தானது. அதற்காகக் கன்றுகளில் உண்ணி மொய்க்க விட்டுவிடலாம் என்பதன்று. மிகுதியான உண்ணி குருதியைக் குடித்தே கன்றை மெலியச் செய்துவிடும்.

அறிகுறிகள்

உண்ணி தொற்றிய ஒன்று முதல் மூன்று வாரங்களுள் காய்ச்சல் தொடங்கும். உடல் வெப்பம் 41 பாகை சதமவளவுக்கு, அதாவது 106 பாகை பரனைற்றுக்கு, உயரும். மாடு இரை எடாது, அசை போடாது, பட்டியை விட்டுத் தனித்து நிற்கும். பால் சடுதியாகக் குறையும். மூச்சு வேகமாகும். கண்ணிமையின் உட்புறமும் முரசும் முதலில் வெளிறி, பின் மஞ்சளாகும். சிறுநீர் சிவந்து நுரைக்கும். சினைப்பசு கன்று வீசுதலும் கூடும். சில மாடுகள் தள்ளாடி, வலிப்புற்று விழும்.

எனினும் சிறுநீர் சிவத்தல் வேறு நோய்களிலும் காணப்படும். மேலும், உண்ணியால் பரவும் தைலேரியா என்னும் இன்னொரு நோயில் சிறுநீர் பொதுவாகச் சிவப்பதில்லை. தோளின் முன்னும் காதின் கீழும் உள்ள நிணநீர்க் கட்டிகளே வீங்கும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது. காது நரம்பிலிருந்து ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுணுக்குக்காட்டியாற் பார்த்தே மிருக வைத்தியர் நோயை உறுதிப்படுத்துவார்.

சிகிச்சை

காய்ச்சல் கண்ட அன்றே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். டிமினசீன், இமிடோகார்ப் போன்ற மருந்துகளை உரிய காலத்தில் ஊசி மூலம் ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் பிழைக்கும். சிறுநீர் சிவந்து இரண்டொரு நாட் கடந்தபின் மருந்து பயன் தருதல் அரிது. அதுவரை மாட்டை நிழலிற் கட்டி, தண்ணீரும் பசும்புல்லும் அருகில் வைத்தல் வேண்டும். வெயிலில் நடத்திச் செல்லலாகாது. குருதி குறைந்த மாடு வழியிலேயே விழுந்து இறக்கும். மருந்தேற்றிய மாட்டின் பாலை வைத்தியர் கூறும் நாள்வரை விற்கவோ பருகவோ கூடாது.

தடுக்கும் முறைகள்

1. புதிதாக வாங்கிய மாட்டை உண்ணி நீக்கிய பின்னரே மற்ற மாடுகளுடன் சேர்க்க வேண்டும். முதல் மாதத்தில் நாள்தோறும் அதன் வெப்பத்தையும் சிறுநீரையும் கவனிக்க வேண்டும்.

2. காதின் உட்புறம், கழுத்துத் தொங்கல், தொடையிடுக்கு, மடி, வாலடி ஆகிய இடங்களை அடிக்கடி தடவிப் பார்க்க வேண்டும். பிடுங்கிய உண்ணியை நிலத்தில் வீசாது மண்ணெண்ணெயில் இடுதல் வேண்டும். பருத்த உண்ணியை வீசுவது முட்டையை விதைப்பதற்கு ஒப்பாகும்.

3. உண்ணி மிகுந்த காலத்தில், மிருக வைத்தியர் குறிக்கும் உண்ணிகொல்லியை 21 நாட்களுக்கு ஒருமுறை உடல் முழுவதும் நனையத் தெளிக்க வேண்டும். உண்ணி மாட்டில் தங்கும் காலம் மூன்று வாரமாதலின் இவ்விடைவெளி கூறப்படுகின்றது. குறித்த அளவிலும் குறைத்துக் கலந்தால் உண்ணி மருந்துக்குப் பழகிவிடும்.

4. மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் தெளிக்கும் பூச்சிகொல்லியை மாட்டின்மேற் பூசுதல் ஒருபோதும் ஆகாது. அது தோலினூடாகவும் மாடு நக்குவதனாலும் உட்சென்று மாட்டைக் கொல்லும். பாலிலுங் கலந்து குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும்.

5. எருவுக்காகப் பிறர் பட்டியைத் தோட்டத்தறையில் அடைப்போர், அப்பட்டி எருவுடன் உண்ணியையும் விட்டுச் செல்லக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பட்டி நீங்கியவுடன் நிலத்தை உழுது பயிரிட வேண்டும். சொந்தப் பசுவைச் சில மாதங்களுக்கு அங்கே கட்டலாகாது. மாடு கிடையாத குஞ்சுண்ணிகள் பட்டினியால் மடியும்.

6. கொட்டிலின் நிலத்தையும் சுவர் வெடிப்புக்களையும் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். அதிக பால் தரும் கலப்பினப் பசுவைக் கொட்டிலிற் கட்டி, மாடுகள் மேயாத இடத்தில் அறுத்த புல்லை இடுதல் சிறந்தது.

நோயிலிருந்து தேறிய மாட்டின் குருதியிற் கிருமி நெடுங்காலம் மறைந்திருக்கலாம். ஆதலால் ஒரு வீட்டில் மட்டும் உண்ணியை ஒழித்தல் போதாது. ஒரே தரவையில் மாடு மேய்ப்போர் யாவரும் ஒரே காலத்தில் மருந்து தெளித்தால், செலவு குறையும்; பயனும் நிலைக்கும்.