படத்தில் இல்லாத பட்டறை

2018-இல் வந்த ‘பேட்மேன்’ இந்திப் படத்தின் கதை மத்தியப் பிரதேசத்து மகேஷ்வரில் நடக்கிறது. நிஜ நாயகர் நம்ம ஊர்க்காரர், கோவை பாப்பநாயக்கன்புதூர் அருணாசலம் முருகானந்தம். சினிமாக்காரர்கள் ஊரை மாற்றுவது புதிதல்ல. ஆனால் கோவையை எடுத்துவிட்டால் இவர் கதையில் பாதி போய்விடும் என்பது என் கட்சி.

கைத்தறி நெசவாளரான தந்தை சாலை விபத்தில் இறந்தார். தாய் காட்டு வேலைக்குப் போனார். மகனின் படிப்பு 14 வயதில் நின்றது. தொழிற்சாலை ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனார், கிழங்கு விற்றார், மிஷினில் நின்றார், வெல்டிங் அடித்தார். எல்லாம் வயிற்றுப்பாட்டுக்குத்தான். ஆனால் பம்புசெட்டும் கிரைண்டரும் செய்கிற ஊரில் பட்டறைக்குள் போன பையன், எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கிற புத்தியோடுதான் வெளியே வருவான்.

1998-இல் சாந்தியைக் கல்யாணம் செய்தார். மாதவிலக்குக்குச் சாந்தி பழந்துணியை ஒளித்து வைப்பதைப் பார்த்து, தாமே நாப்கின் செய்து தரக் கிளம்பினார். பஞ்சில் செய்தது உதவவில்லை. போட்டுப் பார்த்துச் சொல்லப் பெண்கள் முன்வராததால், பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தம் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார். கறைத் துணியைப் பொதுக் கிணற்றில் அலசினார். ஊர் சும்மா இருக்குமா? ஒன்றரை ஆண்டில் சாந்தி பிரிந்து போனார், அப்புறம் தாயும். பேய் பிடித்தவன் என்று ஊர் முடிவுகட்ட, அவரே வெளியேற வேண்டியதாயிற்று. சாந்தியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பேச்சையெல்லாம் எந்தப் பெண் தாங்குவாள்?

கடை நாப்கினுக்குள் இருப்பது பருத்தியல்ல, மரக்கூழ் என்று தெரியவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அதைப் பதப்படுத்தும் வெளிநாட்டு மிஷின் கோடிக்கணக்கில் விலை. வெல்டிங் அடித்த கை அங்கேதான் வேலைக்கு வந்தது. கூழை அரைத்துப் பஞ்சாக்க, கிட்டத்தட்ட நம் வீட்டுக் கிரைண்டர் மாதிரி ஒன்று. பஞ்சை அழுத்திக் கட்டியாக்க இன்னொன்று. பிறகு துணி சுற்றி, புற ஊதா ஒளியில் கிருமி நீக்கினால் முடிந்தது. மிஷினுக்கு அப்போது மொத்தம் சுமார் 65,000 ரூபாய்.

கஷ்டம் வந்தால் மனுஷன் வளர்வான் என்று பொதுவாகச் சொல்ல நான் தயாரில்லை. அப்பாவை இழந்து, இதே ஊர் லேத்தில் காலமெல்லாம் நின்று, நின்ற இடத்திலேயே முடிந்துபோனவர்களும் உண்டு. முருகானந்தத்திடம் நான் பார்க்கும் மாற்றம் வேறு. பெண்டாட்டியிடம் நல்ல பெயர் வாங்கத் தொடங்கியவர், கடைசியில் முகமறியாத பெண்களுக்காக மிஷின் செய்தார்.

2006-இல் ஐ.ஐ.டி. சென்னைக்குத் தம் மிஷினைக் கொண்டுபோனார். விருது வந்தது. பிரிந்து ஐந்தரை ஆண்டு கழித்து சாந்தியும் போனில் கூப்பிட்டார். 2016-இல் பத்மஸ்ரீ. மிஷினைப் பெரிய கம்பெனிக்கு விற்றுக் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். அவர் மகளிர் குழுக்களுக்குத்தான் கொடுத்தார். பீகார், ராஜஸ்தான் கிராமங்களுக்கெல்லாம் அது போயிற்று. பழுதானால் ஓட்டுகிற பெண்களே கழற்றி மாட்டிக்கொள்ளட்டும் என்று, வேண்டுமென்றே அதை அவ்வளவு எளிமையாக வைத்திருந்தார்.