அரிசியின் உயிர்ச்சத்தும் நீர்ப்பகுப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குச் சோறே முதன்மை உணவாகும். நெல்மணியில் மாப்பொருளுடன் தயமின் எனப்படும் விற்றமின் பி1 என்னும் உயிர்ச்சத்தும் உண்டு. மாப்பொருளிலிருந்து உடல் வலுவைப் பெறுதற்கு இச்சத்து இன்றியமையாதது. இது குன்றின் பெரிபெரி என்னும் நோய் தோன்றும். அந்நோயால் கால்கள் மரத்து வலுவிழக்கும், உடல் வீங்கும், இருதயம் தளரும்.

1890களில் ஜாவாத் தீவில் ஒல்லாந்து வைத்தியரான எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் முடங்குவதையும் தவிடு ஊட்டியபின் அவை தேறுவதையும் கண்டார். 1926இல் யான்சன், டொனாத் என்போர் அத்தீவிலேயே தவிட்டிலிருந்து இச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் அமெரிக்கரான வில்லியம்ஸ் அதன் அமைப்பை விளக்கினார்.

சத்துச் சிதையும் விதம்

தயமின் மூலக்கூறு இரு வளையங்களால் ஆயது. அவற்றுள் ஒன்றிற் கந்தகம் உண்டு. இரண்டையும் ஒரு காபன் அணு பாலம்போற் பிணைக்கின்றது. நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது இப்பாலம் அறுந்து, அறுந்த முனைகளில் நீரின் கூறுகள் சேர்கின்றன. இதுவே நீர்ப்பகுப்பு. நுகம் முறிந்தபின் எருதுகள் இரண்டும் நின்றாலும் வண்டி ஓடாது. அவ்வாறே பிரிந்த இரு கூறுகளும் உடலுக்கு விற்றமினாகப் பயன்படா.

காரம் சேரின் கந்தக வளையமும் திறந்து, சிதைவு விரைவாகும். அமிலத்திற் சிதைவு குறைவு. சுண்ணாம்புப் பாறையில் ஊறும் எமது கிணற்றுநீர் கொதிக்கும்போது சிறிது காரத்தன்மை பெறும். அதனோடு அப்பச்சோடாவும் இடின் இழப்பு மேலும் மிகும்.

புழுக்குவதன் பயன்

நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது, உமியை அடுத்துள்ள பகுதியிலிருந்து தயமின் நீருடன் மணியின் உள்ளே ஊடுருவும். வெப்பத்தாற் சிறிதளவு அழியினும், தீட்டும்போது தவிட்டுடன் நீங்காது பெரும்பகுதி எஞ்சும். ஆலையிலே தீட்டிய 100 கிராம் பச்சையரிசியில் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் தயமினும், அவ்வாறு தீட்டிய புழுங்கலரிசியில் ஏறத்தாழ 0.2 மில்லிகிராமும் உண்டு. வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 1.2 மில்லிகிராம்.

கைக்கொள்ள வேண்டியவை

1. வீட்டுத் தேவைக்குரிய நெல்லைப் புழுக்கியே குற்றுவித்தல் வேண்டும். அரிசியை மிக வெண்மையாகத் தீட்டுவித்தலாகாது.

2. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுதல் கூடாது. தயமின் நீரிற் கரைந்து போய்விடும்.

3. அளவான நீரிற் சோறு சமைத்தல் நன்று. கஞ்சி வடிப்பின் அதனைக் கொட்டாது பருகுதல் வேண்டும்.

4. கடலை, பயறு ஆகியவற்றை விரைவில் அவிப்பதற்குச் சோடா இடுதலாகாது. இரவில் ஊறவைத்து, அந்நீரிலேயே அவித்தல் வேண்டும். பருப்பு வெந்தபின் புளி சேர்க்கலாம். முன்னரே சேர்ப்பின் வேகத் தாமதமாகும்.

5. கீரையும் பயற்றங்காயும் பச்சை நிறம் மாறாதிருத்தற்குச் சோடா இடுதல் தவறு. அவற்றிலுள்ள விற்றமின் சியும் அதனால் அழியும். மூடிய பாத்திரத்திற் சிறிது நீர்விட்டு விரைவில் இறக்குதல் வேண்டும்.

வயலிலும் தோட்டத்திலும் உழைத்துப் பெற்ற சத்து, ஆலையிலும் அடுப்பிலும் வீணாதல் தகாது. இம்முறைகளுக்குச் செலவு ஏதும் இல்லை. வேண்டுவது கவனம் ஒன்றே.